சண்முகவடிவு, கேக்குதா?

இறங்குது. இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. நான் இப்படிக் கண்கொட்டாம நின்னா மட்டும் வேகமா இறங்கிரவா போகுது, அடுப்புல பால் வச்சவ மாதிரி நிக்கேன், பாலாவது பொங்கும், இது பொங்கவும் செய்யாது வத்தவும் செய்யாது, கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்துல ஒரு நம்பர், அவ்வளவுதான். விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தப்பவே பாதியைத் தாண்டியிருந்துச்சு. பல் தேய்ச்சிட்டு வந்து பாத்தேன், கூடியிருந்துச்சு. வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு வந்து பாத்தேன், அதே நம்பர். அதே நம்பர்னதும், கையெல்லாம் கோலமாவு, அந்தக் கையோடயே கீபோர்டைத் தட்டப் போனேன், தட்டுறதுக்குள்ள ஒண்ணு கூடுச்சு. சனியனே, இப்படியா வெளையாடுவ ஒரு பொம்பளைகிட்ட. அரிசி டிரம்முக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருக்கேன் இந்தப் பெட்டியை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம்ம கம்ப்யூட்டர் சென்டர்ல தேஞ்சுபோய்க் கிடந்த பழைய சிபியு, தூசி தட்டி, புதுசா ரெண்டு ஹார்டு டிஸ்க் வாங்கிப் போட்டு, ஒண்ணுல எழுதுறது தானா இன்னொண்ணுலயும் எழுதிக்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கேன். ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும். ரெண்டும் ஒண்ணாச் செத்தா? அதெல்லாம் சாகாது, வாயை மூடு வடிவு, நல்ல நாளும் அதுவுமா.

இன்னைக்கு ஆயுத பூஜை. இன்னைக்குன்னு பாத்துத்தான் எங்களுக்கு சர்வர் வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரனுக்குக் கடையைச் சாத்த நாள் கெடச்சிருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் சர்வரை நிறுத்துறான், நிறுத்துனா நிறுத்துனதுதான், உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும், அழிஞ்சதைத் திருப்பித் தர முடியாதுன்னு மெயில் போட்டிருக்கான். ஒண்ணுக்கு நாலு மெயில் போட்டிருக்கான் பாவம், எல்லாமே எங்க வீட்டுக்காரவுக பழைய மெயிலுக்குப் போயிருக்கு, அதை ஆபரேஷனுக்கப்புறம் இவுகளும் தொறக்கல நானும் தொறக்கல, ஏதோ பாஸ்வேர்டு தேடப் போய் முந்தாநாள் கண்ணுல பட்டுச்சு. படலைன்னா? நாளைக்கு எந்திரிச்சிருப்பேன், இட்லி ஊத்தியிருப்பேன், போனது தெரியாமலே போயிருக்கும். கிளவுட்ல இருக்கு கிளவுட்ல இருக்குன்னு சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன் பாருங்க, கரிசக்காட்டுல பொறந்துட்டு மேகத்தை நம்பலாமா, கோவில்பட்டிக்கு மேல எத்தனை கருத்த மேகம் வந்து, நாங்க துணியெல்லாம் எடுத்து, வத்தலெல்லாம் அள்ளி, கடைசியில ஒரு சொட்டு விழாம போயிருக்கு. சென்டருக்கு வாரவன் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அவன் மூஞ்சி சரியா விழாத பாஸ்போர்ட் போட்டோ, அத்தனைக்கும் ரெண்டு காப்பி வச்சிருக்கேன். கட்டுன புருசன் குரலுக்கு ஒரு காப்பி இல்ல.

ஆமா, குரல். உள்ள இருக்கிறது அதுதான், வேற என்ன, தங்கமா இருக்கு. இவுக தீப்பெட்டி ஆபீசுல கணக்கு எழுதுனவுக, உலகநாதன்னு பேரு சொன்னா ஆபீசுல தெரியும், மைதானத்துல யாருக்கும் பேரு தெரியாது, மைக்கண்ணன்னுதான் தெரியும். இந்த ஊர்ல புள்ளைக நடக்கப் பழகுறதுக்கு முந்தி ஹாக்கி மட்டையைப் புடிச்சிரும், வருசம் முழுக்க ஏதாவது ஒரு டோர்னமெண்ட், எல்லாத்துக்கும் மைக் இவுகதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பயலுவ கேக்கணும்னு கேட்டானுவ, நான்தான் அந்த சர்வரை எடுத்து, நெட்டு வழியா நேரடியாக் கேக்குற மாதிரி செஞ்சு குடுத்தேன், ஓடுற ஒவ்வொரு மேட்சும் அங்கனயே பதிவாகி நிக்கும். துபாய்ல இருந்தெல்லாம் கேப்பானுவ. பந்து இடது ஓரமா ஏறுது, ஏறுது, ஒருத்தனைத் தாண்டுது, ரெண்டாவது ஆளையும் ஏமாத்துது, அய்யோ அம்மா ஏறிக்கிட்டே இருக்குன்னு இவுக சொன்னா, சமையக்கட்டுல நிக்கிற எனக்கே கால் பரபரன்னும், ஹாக்கியில எனக்கு ஒரு எழவும் புரியாது, ஆனா கால் பரபரன்னும். கோல் விழுந்தா கோ...ஓஓல்னு இழுப்பாக, மூச்சு எங்கதான் வச்சிருப்பாகளோ, குழம்பு ஒரு கொதி வந்து அடங்குற வரைக்கும் இழுப்பாக.

அது கூடப் பரவாயில்ல, அந்த மைக் டெஸ்டு இருக்கே. ஊர்ல இருக்கிறவன்லாம் ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீம்பான். இவுக மட்டும், மைக்கை வாங்குனதும், சண்முகவடிவு... சண்முகவடிவு... கேக்குதா? மைதானத்துக் கடைசியில நிக்கிற பயலுவ கையைத் தூக்கி, கேக்குது, கேக்குதுன்னு கத்துவானுவ. அந்தப் பேருல எல்லா எழுத்தும் ஓடுதாம், சவும் வருதாம், ணவும் வருதாம், டவும் வருதாம், மைக் எங்க கரகரங்குதுன்னு ஒரே பேருல தெரிஞ்சிருமாம். எம் பேரை வச்சு மைக்கு சோதிக்கிற புருசனை இந்த உலகத்துல வேற எவளாவது பாத்திருக்காளா. மார்க்கெட்டுக்குப் போனா கத்திரிக்காய் விக்கிறவ கேப்பா, என்னக்கா, கேக்குதான்னு. கடையில ஜெராக்ஸ் எடுக்க வந்த காலேஜ் புள்ளைக குசுகுசுன்னு சொல்லிச் சிரிக்கும். எத்தனை சண்டை, எத்தனை நாள் சோறு போட்டுட்டுப் பேசாம உள்ள போயிருக்கேன், தெருமுழுக்க எம் பேரு நாறுது, ஒன் டூ த்ரீ சொன்னா வாய் வலிக்குமாம்பேன். சிரிப்பாக. மறுநாள் மறுபடியும் சண்முகவடிவு, கேக்குதா.

கேக்கல. அதான் விசயம். தொண்டையில கட்டின்னாக, மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம், குரல்வளையை எடுத்தாத்தான் ஆளு மிஞ்சும்னாக, எடுங்கன்னு கையெழுத்துப் போட்டது நான்தான், ஆளு மிஞ்சிட்டாக, சாமி புண்ணியம். கழுத்துல ஒரு துவாரம், அதுக்கு மேல வெள்ளைத்துணி, மூச்சு அது வழியாத்தான். இப்பப் பேச்செல்லாம் கரண்டியும் டம்ளரும். எவர்சில்வர் டம்ளர்ல ஒரு தட்டு தட்டுனா சரி, ரெண்டு தட்டுனா வேண்டாம், டடடடடன்னு தட்டுனா எம் மேல கோவம். கோவத்துக்குக் குறைச்சல் இல்ல. இதுல ஒரு கூத்து, அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, இப்ப எனக்கு அந்தக் குரல் மறந்துக்கிட்டு வருது. சொன்ன வார்த்தையெல்லாம் ஞாபகம் இருக்கு, சொன்ன சத்தம் வர மாட்டேங்குது. மனசுக்குள்ள சொல்லிப் பாக்கேன், சண்முகவடிவு கேக்குதான்னு, எங் குரல்ல வருது, இல்லைன்னா ரேடியோக்காரன் குரல்ல வருது, இவுக குரல்ல வரல. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது வரவே இல்ல, அப்படியே சோப்புக் கையோட சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நின்னேன், பயந்துபோனேன். கல்யாண வீடியோவைப் போட்டுப் பாத்தேன், இவுக வாய் அசையுது, கேக்குறது பூராம் நாதஸ்வரம். அப்பக்கூட சர்வர்ல இருக்கேன்னு ஒரு தைரியம். கேக்கலையே தவிர இருக்கேன்னு. ஏன் கேக்கலைன்னா, இவுக இருக்கிற வீட்டுல அதை எப்படிப் போடுறது? கால் போனவுக முன்னால ஓடிக் காட்டுற மாதிரி இருக்காதா? முந்தாநாள் மெயிலைக் காட்டி, எல்லாத்தையும் வீட்டுக்கு இறக்கிரட்டுமான்னு கேட்டேன். மெயிலைப் பாத்தாக. என்னைப் பாத்தாக. டம்ளர்ல ரெண்டு தட்டு. திரும்பிப் படுத்துக்கிட்டாக. ரெண்டு தட்டாம்ல ரெண்டு தட்டு. யாரைக் கேட்டுத் தட்டுனீக? அது உங்க குரல்னா கூப்பிட்டது எம் பேரைல்லா? எனக்குப் பங்கு இல்லையா அதுல? நேத்து மத்தியானம் சென்டரைச் சாத்திட்டு வந்ததும் பெட்டியை ஓட விட்டுட்டேன். பாத்தாக, ஒண்ணும் தட்டல. இறங்குது.

வாசல்ல செருப்புச் சத்தம், மதினி. இவுக கூடப் பொறந்த அக்கா ஆவுடையம்மா, ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் பூவும் பொரியும் வாங்கிட்டு வந்து, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிற மாதிரி பூஜையை நடத்திக் குடுத்துட்டுப் போவாக. நல்ல மனுசிதான், வாய்தான் ஓயாது, தம்பிக்குப் போன பேச்சையெல்லாம் அக்காவுக்குக் குடுத்துட்டான் போல ஆண்டவன். "ஏளா வடிவு, இன்னும் குளிக்கலியா நீ? அருவாமனையைக் கழுவி வச்சியா? இவன் சைக்கிளைத் தொடச்சியா?" எல்லாம் ஆச்சு மதினி, எல்லாம் ஆச்சு. அருவாமனை, கத்தரிக்கோல், சுத்தியல், கணக்கு எழுதுன பழைய பேனா, எல்லாம் வரிசையா மணைப்பலகையில இருக்கு, பக்கத்துல சைக்கிள் நிக்குது, இவுக நாற்காலியில உக்காந்து எலுமிச்சம்பழத்துல குங்குமம் தடவிக்கிட்டு இருக்காக, சைக்கிள் சக்கரத்துக்குக் கீழ வைக்கிறதுக்கு. மதினி கண்ணு நேரா பெட்டி மேல போகுது. "இது என்னளா, இன்னைக்கும் வெளக்கு மினுமினுங்குது? ஆயுதத்துக்கு இன்னைக்கு ஓய்வு, தொடக்கூடாது தெரியும்ல?" நான் தொடல மதினி, அதுவா ஓடுது, சாயங்காலம் வரைக்கும் ஓடணும்னேன். "ஓடுற சாமானுக்கு எப்படி பொட்டு வைக்க? ஓடுற பஸ்சுக்கா பொட்டு வைக்கான்?" நல்லாத்தான் கேக்காக. இது முக்கியமான வேலை மதினி, இதுல கை வைக்காதீங்கன்னு சொல்லிட்டு, குக்கர் விசில் அடிச்சதும் உள்ள போனேன்.

சுண்டலுக்குத் தாளிச்சா ஒரு வாசம் வரும் பாருங்க, கடுகும் காஞ்ச மிளகாயும் தேங்காய்ப்பூவும், அந்த வாசத்துல எனக்கு எல்லாக் கவலையும் கொஞ்ச நேரம் போயிரும். போச்சு. கிண்டிக்கிட்டே கணக்குப் போடுதேன், இந்த வேகத்துல போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு முடிஞ்சிரும், அப்புறம் அந்தப் பக்கம் இருக்கிறதும் இந்தப் பக்கம் வந்ததும் ஒண்ணுதானான்னு ஒத்துப் பாக்கணும், அது ஒரு மணி நேரம் புடிக்கும், அப்புறம் ஒண்ணையாவது போட்டுக் கேக்கணும், கேட்டாத்தான் வந்ததுன்னு அர்த்தம், கடையில எத்தனை பேரைப் பாத்திருக்கேன், பென்டிரைவ்ல இருக்குக்கா பிரிண்ட் போடுங்கம்பான், சொருவுனா ஒண்ணும் இருக்காது, அழுவான். அப்படி இதுலயும் ஃபைல் பேரு மட்டும் வந்து உள்ள ஒண்ணும் இல்லாம இருந்தா? அத்தனை மேட்சும் வெறும் பேரா நின்னா? உப்புப் போட்டேனா இல்லையா? பூஜையறையில மதினி மணியாட்டுற சத்தம். போட்டேன், போட்டேன். சுண்டலைச் சட்டியில எடுத்துக்கிட்டு வாரேன், சமையக்கட்டு நிலையைத் தாண்டுறேன், என்னமோ சரியில்ல. என்ன சரியில்லைன்னு தெரியல. சத்தம். நேத்துலருந்து அந்தப் பெட்டி உர்ர்ருன்னு போட்டுக்கிட்டு இருந்த சத்தம் இல்ல.

பெட்டி நெத்தியில சந்தனம். நடுவுல குங்குமம். மேல கதம்பப் பூ, ஒரு முழம், ரெண்டு பக்கமும் அழகாத் தொங்குது. ஸ்கிரீன் கரேர்னு இருக்கு. சுவத்துல சுவிட்சு மேல பாத்து நிக்குது. "பாத்தியா, இப்பத்தான் லட்சணமா இருக்கு"ங்காக மதினி. சட்டியை எங்க வச்சேன்னு தெரியல, கீழ வச்சேனா போட்டேனா, கத்துறேன், எங் குரல் எனக்கே அந்நியமா இருக்கு. "என்ன மதினி செஞ்சீக! அணைச்சா போட்டீக!" "சாமி முன்னால வைக்கும்போது அணைக்காம? நாளைக்கு மறுபூஜை பண்ணி எடுத்துக்கோ, என்ன கொள்ளை போகுது?" சுவிட்சுக்குப் போறேன், குறுக்க வந்து நிக்காக, "பூஜையில வச்சதை அன்னைக்கே எடுக்கக்கூடாதுளா, வீட்டுக்கு ஆகாது, ஏற்கனவே இந்த வீடு பட்டது போதாதா?" அந்தப் பேச்சுதான். பட்டது போதாதான்னு கேட்டாக பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுபோச்சு. "மதினி, உங்க தம்பி குரல் அதுக்குள்ள ஏறிக்கிட்டு இருந்துச்சு! அங்கன சாயங்காலம் அழிச்சிருவானுவ! இன்னைக்கு விட்டா இந்த உலகத்துலயே இல்ல! எனக்கு மறந்துக்கிட்டு வருது மதினி, அவுக குரல் எனக்கு மறந்துபோச்சு!" சொல்லிட்டேன். இத்தனை நாள் பொத்தி வச்சதை, அவுக காது கேக்க, நடுவீட்டுல, சுண்டல் வாசத்துக்கு நடுவுல போட்டு உடைச்சிட்டேன். எனக்கு நாற்காலிப் பக்கம் திரும்பத் தைரியம் வரல.

கரண்டிச் சத்தம் வரும்னு பாத்தேன், டடடடடன்னு. வரல. நாற்காலி நகர்ற சத்தம் வந்துச்சு. இவுக எந்திரிச்சு வாராக. மெதுவா, எலுமிச்சம்பழம் ஒரு கையில, குங்குமக் கை இன்னொண்ணு. அக்காவைத் தோளைத் தொட்டு ஒதுக்குனாக, ஒரு சொல்லு இல்ல, இருக்கவும் வழியில்ல. பூவை எடுத்தாக, தூக்கிப் போடல, ரெண்டு கண்ணுலயும் ஒத்தி அம்மன் படத்துக்குப் போட்டாக. எலுமிச்சம்பழத்தைப் பெட்டிக்கு முன்னால வச்சாக, சைக்கிளுக்கு வச்சிருந்த பழம். சுவிட்சைப் போட்டாக. அப்புறம் என்னைப் பாத்தாக, எந்தப் பொத்தான்னு கண்ணாலயே கேட்டாக. சந்தனம் அப்பி மூடிக்கிடந்த அந்தப் பொத்தானை நான் காட்டுனேன். சந்தனத்து மேலயே விரலை வச்சு அமுக்குனாக. உர்ர்ருன்னுச்சு. முந்தாநாள் ரெண்டு தட்டு தட்டுன மனுசன். எனக்கு அழுகை வந்துச்சு, அழ நேரமில்ல.

ஏன்னா பயமே அதுக்கப்புறந்தான். திடீர்னு கரண்டு போன டிஸ்க், எழுதிக்கிட்டு இருந்தப்பவே போயிருக்கு, எழுந்திருக்குமா? எழுந்துச்சு, முனகிக்கிட்டே தன்னைத்தானே சோதிச்சுக்கிட்டு எழுந்துச்சு. ரெண்டு டிஸ்கும் இருக்குன்னு சொல்லுச்சு, மகராசியா இரு. மறுபடி கட்டளையைத் தட்டணும், விட்ட இடத்துலருந்து தொடருன்னு ஒரு வார்த்தை உண்டு, அதைப் போட்டு ஓட விட்டேன். ஓடுச்சு, முதல் பேரு வருது, பழைய மேட்சு, முத டோர்னமெண்ட், அடப்பாவி மொதல்ல இருந்தா ஆரம்பிக்க? நேத்து மத்தியானத்துலருந்து இறங்குனது மறுபடியும் இறங்கணும்னா ஆறு மணி என்ன, நாளைக்கு ஆறு மணி ஆனாலும் முடியாது. எங்க தப்பாத் தட்டுனேன், எந்த எழுத்தை விட்டேன், கண்ணு மறைக்குது, பேருக ஓடுது, ரெண்டாவது பேரு, மூணாவது பேரு... இரு. வேகமா ஓடுதே. ஒரு மேட்சுக்கு எவ்வளவு நேரம் புடிச்சது நேத்து, இப்ப மழமழன்னு போகுது, கால் இறுதி, அரை இறுதி, பொங்கல் கோப்பை, போய்க்கிட்டே இருக்கு, அது இறக்கல, இருக்கா இருக்கான்னு எண்ணிக்கிட்டுத் தாண்டுது! இருக்கு, தாண்டு. இருக்கு, தாண்டு. ஒருத்தனைத் தாண்டுது, ரெண்டாவது ஆளையும் ஏமாத்துது! நான் வாய்விட்டே சொல்லிட்டேன் போல, மதினி என்னைத் திரும்பிப் பாத்தாக. சொன்னா என்ன? "ஏறுது மதினி, இடது ஓரமா ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு, அய்யோ அம்மா!" நின்னுச்சு. ஒரு பேருல வந்து நின்னுச்சு, நேத்து பாதியில கிடந்த பேரு. நின்னு, யோசிச்சு, அந்தப் பாதியிலருந்து இறங்க ஆரம்பிச்சுச்சு. கோலுக்கு முன்னால போட்டிருக்கிற டி வளையத்துக்குள்ள வந்துருச்சு பந்து.

அப்புறம் பாக்கணுமே எங்க மதினியை. ஓடுற சாமானுக்குப் பொட்டு வைக்கக்கூடாதுன்ன அதே மனுசி, ஸ்டூல்ல இருந்து அசையல. யாரும் பக்கத்துல வந்துரக்கூடாது, ஒயரை மிதிச்சிரக்கூடாது, எதுத்த வீட்டுக்காரி பொரி வாங்க வந்தவளை வாசல்லயே நிக்க வச்சு அனுப்புறாக. "நெட்டு போயிருமாளா?" "போகாது மதினி." "கரண்டு போயிருமா?" "சும்மா இருங்க மதினி, நீங்க சுவிட்சுகிட்டப் போகாம இருந்தாச் சரி." சிரிச்சிட்டாக. தட்டுல கற்பூரத்தை ஏத்தி, மினுமினுங்குற வெளக்குக்கே தீபாராதனை காட்டுனாக, "வேலை பாக்குறவளை அவ ஒண்ணும் சொல்லமாட்டா"ன்னு அம்மன் படத்தைப் பாத்துத் தானாச் சொல்லிக்கிட்டாக. நல்லவேளை, தேங்காயைப் பெட்டி மேல உடைக்கல. இவுக நாற்காலியை ஸ்கிரீனுக்கு நேரா இழுத்துப் போட்டுக்கிட்டாக. சோறு அங்கனதான், கையில தட்டோட, கண்ணு கோட்டுல. நானும் பாக்கேன், கோட்டைப் பாக்கேன், இவுகளைப் பாக்கேன், கோட்டைப் பாக்கேன். வேண்டாம்னு தட்டுன மனுசன் எதை வேண்டாம்னாக? தன் குரலையா, இல்ல அதைக் கேக்குற எம் மூஞ்சியையா? கேக்கணும்னு தோணுச்சு, கேக்கல. இந்தக் கேள்விக்கெல்லாம் டம்ளர் பத்தாது.

முடிஞ்சிருச்சு! ஆறு மணிக்கு இன்னும் நெறைய இருக்கு, வெயில் இன்னும் வாசப்படியை விட்டு இறங்கல, முடிஞ்சிருச்சு. நான் அதோட விடல. அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கச் சொல்லி விட்டேன், மதினி மோர் கலக்கிக் குடுத்தாக, உப்பு ஜாஸ்தி, மடக்குன்னு குடிச்சிட்டேன், ஒத்துப் பாத்துக்கிட்டே இருக்கு, கடைசியில ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. வித்தியாசம் இருந்தாத்தான் பேரு வரும். ஒரு பேரு வரல. ஒண்ணு கூட விடல, ஒரு எழுத்து சிதறல. எடுத்துட்டேன் அய்யா, மொத்தத்தையும் எடுத்துட்டேன், அரிசி டிரம்முக்குப் பக்கத்துல கொண்டாந்து சேத்துட்டேன்! நீ சாத்துப்பா உன் கடையை, ஆறு மணிக்கு என்ன, இப்பவே சாத்து, எனக்கென்ன. எனக்கு உக்கார முடியல. எந்திரிச்சேன், எடுத்த மூச்சுக்கு, "கோ...ஓஓஓல்!" நடுவீட்டுல கையைத் தூக்கிக்கிட்டு, இத்தனை வயசுல. இவுக மாதிரி இழுக்க வரல, பாதியில இருமல் வந்துருச்சு. மதினி காதைப் பொத்திக்கிட்டு, "பைத்தியக்காரி, பைத்தியக்காரி"ங்காக, கண்ணுல தண்ணி. டம்ளர்ல ஒரு தட்டு கேட்டுச்சு. ஒண்ணு. ரெண்டாவது தட்டு வருதான்னு பாத்தேன், வரல. ஒண்ணே ஒண்ணுதான்.

இப்ப போட்டுக் கேக்கணும். கேட்டாத்தான் வந்ததுன்னு அர்த்தம். எதைப் போட? எதையாவது போடு. பேருக மேல ஏதோ ஒண்ணைத் தொட்டேன், ஸ்பீக்கர்ல சொய்ங்னு காத்துச் சத்தம். மைதானத்துக் காத்து. எங்கயோ ஒரு நாய். யாரோ ஸ்டிக்கால தரையைத் தட்டுறான். காத்துதான் வருது, வேற ஒண்ணும் வரல, வேற ஒண்ணும்... தொண்டையைச் செருமுற சத்தம். அடி ஆத்தி. செருமல் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, மறந்தேன்னு யாரு சொன்னது, மறக்கவா செஞ்சேன், இந்தச் செருமல், கொஞ்சம் மூக்கால வரும், கடைசியில ஒரு ம் போடும். "சண்முகவடிவு..." கணீர்னு, வீட்டுச் சுவரெல்லாம் கணீர்னு. "சண்முகவடிவு..." மதினி முந்தானையை வாயில வச்சிக்கிட்டாக. நான் திரும்பிப் பாத்தேன். இவுக எந்திரிச்சு நிக்காக, எம் பின்னாலதான். கழுத்துத் துணி மேலயும் கீழயும் போயிட்டு வருது. வாய் அசையுது. அந்தக் குரல் எப்படிச் சொல்லுதோ அப்படியே, ச-வுக்கு ச, வ-வுக்கு வ, ஒரு மயிரிழை முந்தல பிந்தல, இவுக வாய் அசைய அசைய வார்த்தை வெளிய வருது, எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம், வருது. என்னையே பாத்து, கண்ணுல சிரிப்போட, "கேக்குதா?"

மைதானத்துக் கடைசியில பயலுவ கேக்குதுன்னு கத்துறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "கேக்குது! நல்லாக் கேக்குதுங்க!" கத்துன கத்துக்குத் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கேக்கட்டும்.